ஐந்து கட்டை சிவசண்முகம்

வண்ணார்பேட்டையில் போய் சிவசண்முகம் வீடு எது என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். ஐந்து கட்டை வீடு எது என்று கேட்டுப் பாருங்கள், பால்காரரில் இருந்து மாவு மில்காரர் வரை கையை நீட்டுவார்கள். வாசலில் பலகையும் தொங்குகிறது. அதில் சிவசண்முகம் என்ற பெயர் சின்ன எழுத்தில் இருக்கும். அதற்கு மேலே 'ஐந்து கட்டை' என்பது பஸ்ஸில் போகிறவர்களும் வாசிக்கிற அளவில் இருக்கும். கீழே 'இசை நாடக ராஜபார்ட்', அதாவது ராஜா வேஷக்காரர். தபால்காரருக்கு உதவியாக இருக்கட்டும் என்றுதான் மாட்டினாராம். அந்தத் தெருவுக்குத் தபால்காரர் கடைசியாக எப்போது வந்தார் என்று யாருக்கும் நினைவில்லை.

கட்டை என்பது பாடுகிறவர் நின்று பாடும் சுருதியின் உயரம். ஆர்மோனியப் பெட்டியின் வெள்ளைக் கட்டைகளில் எத்தனையாவதை ஆதாரமாக வைத்துக்கொள்கிறாரோ அத்தனை கட்டை அவருக்கு. ஆண் குரலுக்கு மூன்று என்றால் சுமார். நாலு என்றால் மரியாதை. ஐந்து என்றால் கேட்டுக்கொண்டு இருப்பவருக்கே தொண்டை வலிக்கும். சிவசண்முகத்துக்கு ஐம்பத்தெட்டு வயது. இந்த வயதிலும் ஐந்து கட்டையில் பாடும் ராஜபார்ட் தாமிரபரணிக்கு இந்தக் கரையிலும் இல்லை, அந்தக் கரையிலும் இல்லை என்பது அவருடைய கட்சி. இதை யாரும் மறுத்துப் பேசியதில்லை. மறுத்தால் நிரூபிக்கப் பாடிக்காட்டுவார் என்ற பயமும் ஒரு காரணம்.

இந்தப் பட்டம் வந்த கதையை அவரே நூறு தடவை சொல்லியிருக்கிறார். அவர் சொல்லாமல் விட்ட பாதியை அவர் மனைவி ஞானம்பாள் சொல்லியிருக்கிறாள். அப்பா அம்பாசமுத்திரத்தில் அரிசி ஆலையில் வேலை பார்த்தவர். பையன் இருபத்து மூன்று வயதில் நாடகத்தில் மூன்றாவது சேவகன். வசனம் ஒன்றே ஒன்று, 'ஆகட்டும் மகாராஜா'. ஒரு கோயில் கொடைக்கு, அதாவது ஊர்த் திருவிழாவுக்கு, மதுரையில் இருந்து வரவேண்டிய ராஜபார்ட் பஸ்ஸில் தூங்கிப்போய், அம்பாசமுத்திரத்தில் இறங்காமல் பாபநாசம் வரை போய்விட்டார். ஜனம் விசிலடிக்கிறது, கொடைக்காரர்கள் கையைப் பிசைகிறார்கள். மூன்றாவது சேவகன் முன்னால் வந்து, எல்லாப் பாட்டும் எனக்கு மனப்பாடம் என்று சொல்லிவிட்டான். கிரீடம் பெரிதாக இருந்ததால் உள்ளே செய்தித்தாளைத் திணித்து மாட்டினார்கள். ஆர்மோனியக்காரர் எத்தனை கட்டை என்று கேட்டார். கட்டை என்றால் என்னவென்றே பையனுக்குத் தெரியாது. குறைத்துச் சொன்னால் விரட்டிவிடுவார்களோ என்று அஞ்சு என்றான். அவர் ஒரு பார்வை பார்த்துவிட்டு ஐந்தாவது கட்டையை அழுத்திவிட்டார். அப்புறம் வேறு வழி இல்லை, பாடித்தான் ஆக வேண்டும். பாடியும்விட்டான்.

அன்றைக்கு மூன்று என்று வாயில் வந்திருந்தால் வாழ்க்கை எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும் என்று ஞானம்பாள் இன்னும் சொல்வாள். அவள் பள்ளிக்கூட டீச்சர். முப்பது வருஷமாக ஒரு தொண்டையோடு குடித்தனம் நடத்துகிறாள். அந்தத் தொண்டைக்கு ஐஸ் ஆகாது, தயிர் ஆகாது, மின்விசிறிக் காற்று ஆகாது. அக்கினி நட்சத்திரத்திலும் கழுத்தில் மப்ளர் சுற்றியிருக்கும். நாடகம் இருக்கிற நாளில் பேச்சே கிடையாது. முன்பெல்லாம் சைகை காட்டுவார். இப்போது பக்கத்து அறையில் உட்கார்ந்துகொண்டு வாட்ஸப்பில் அனுப்புகிறார். 'காபி.' கொஞ்ச நேரம் கழித்து, 'கருப்பட்டி கம்மி.' அவள் கட்டைவிரல் படத்தைப் பதிலாக அனுப்பிவிட்டு, கரண்டியை மட்டும் கொஞ்சம் சத்தமாக வைப்பாள்.

கருப்பட்டிக்கும் ஒரு வரலாறு உண்டு. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் சிவசண்முகத்துக்கு விஷக்காய்ச்சல் வந்து இரண்டு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். எழுந்தபோது குரல் கிணற்றுக்குள் இருந்து வந்தது. அடுத்த பங்குனி உத்திரத்துக்கு ஒப்புக்கொண்ட நாடகம் ஒன்று இருந்தது. மேடை ஏறினார். ஆர்மோனியக்காரர் ஐந்தாவது கட்டையைப் பிடித்தார், குரல் அலுங்காமல் குலுங்காமல் போய் உட்கார்ந்தது. அடுத்த வருஷம் இன்னும் சுலபம். முப்பத்தைந்து வயதில் நரம்பு புடைக்க எட்டிய இடத்தை ஐம்பதில் நடந்தே போய்த் தொட்டார். வேறு யாராவது என்றால் ஏன் என்று யோசித்திருப்பார்கள். இவரும் யோசித்தார். காய்ச்சலில் கிடந்தபோது மைத்துனர் உடன்குடியில் இருந்து வாங்கிவந்த கருப்பட்டிதான் காரணம் என்று முடிவு கட்டினார். அன்று முதல் பார்க்கிற பாடகர்களுக்கு எல்லாம் உடன்குடிக் கருப்பட்டிதான் சிபாரிசு. அதைக் கேட்டுத் தின்றவர்களில் யாருக்கும் கட்டை ஏறவில்லை. இரண்டு பேருக்குச் சர்க்கரை ஏறியது.

போன வருஷம் அவர் பாட்டை யாரோ யூடியூபில் போட, துபாயில் இருந்து ஒருவர், ஐயா பாடுவது நாலு கட்டை மாதிரி அல்லவா கேட்கிறது என்று கீழே எழுதியிருந்தார். சிவசண்முகம் பதினோரு பத்தியில் பதில் எழுதினார். கடைசிப் பத்தியில் அந்த மனிதரைக் காது டாக்டரிடம் போகச் சொல்லியிருந்தார்.

இசை நாடகத்தில் கம்பெனி, குழு என்று ஒன்றும் கிடையாது. ராஜபார்ட் திருநெல்வேலியில் இருந்து வருவார், ஸ்திரீபார்ட் மதுரையில் இருந்து வருவாள், பபூன் புதுக்கோட்டையில் இருந்து வருவார். ஆளுக்கொரு பஸ்ஸில் வந்து இறங்கி, முகத்தில் பவுடர் அப்பும்போதுதான் யார் யாருக்குப் புருஷன், யார் யாருக்குப் பிள்ளை என்று தெரிந்துகொள்வார்கள். ஒத்திகை கிடையாது. கதை எல்லோருக்கும் தெரியும், வசனத்தை வாயில் வந்தபடி பேசிக்கொள்ளலாம். எல்லோரும் ஒத்துப்போக வேண்டியது சுருதியில் மட்டும்தான், அது ஆர்மோனியக்காரர் கையில் இருக்கிறது. சிவசண்முகத்துக்கு ஆர்மோனியம் என்றால் மேலப்பாளையம் அசன் மைதீன்தான். இருபத்தைந்து வருஷப் பழக்கம். கொடைக்காரர்கள் யார் போன் செய்தாலும் 'பாய் வந்தா நான் வாரேன்' என்பதுதான் அவருடைய முதல் வார்த்தை.

இப்படிப் பெருமை அடித்துக்கொள்கிற மனிதர்கள் பெரும்பாலும் தீங்கில்லாதவர்கள். சிவசண்முகமும் அப்படித்தான், ஒரே ஒரு தடவை தவிர. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நடந்தது அது. அப்போது இந்த வட்டாரத்தின் மூத்த ராஜபார்ட் சுடலைமணி. ஒரு கொடையில் அவர் ராஜா, சிவசண்முகம் எதிரி ராஜா. சுடலைமணிக்கு அன்றைக்கு மேல் சுருதி எட்டவில்லை. மறைக்கத் தெரியாத மனிதர், சபை நடுவிலேயே அசன் மைதீனைப் பார்த்து ஒரு கட்டை இறக்கச் சொல்லிப் பாடினார். அடுத்து தர்க்கம், அதாவது இரண்டு ராஜாக்களும் மாறி மாறி மடக்கிப் பேசவேண்டிய கட்டம். சிவசண்முகம் மீசையை முறுக்கிக்கொண்டு கேட்டார், "ராஜாவே, உமது குரல் ஏன் தரைக்குள்ளே போகிறது? புதையல் ஏதும் தேடுகிறீரோ?"

சிரிப்பு அடங்க ஐந்து நிமிஷம் ஆயிற்று. சுடலைமணியும் சிரித்தார். அந்தப் பருவத்தோடு அவர் ராஜபார்ட் கட்டுவதை விட்டுவிட்டு அம்பாசமுத்திரத்தில் உரக்கடை வைத்துவிட்டார். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்று சிவசண்முகத்துக்குத் தோன்றியதே இல்லை. அந்த வசனத்தை அவர் பன்னிரண்டு வருஷமாக டீக்கடைகளில் சொல்லிச் சிரிக்க வைத்துக்கொண்டு இருந்தார்.

போன வைகாசியில் ஒரு போன் வந்தது. சுடலைமணிதான். அவர் ஊர் அம்மன் கோயில் கொடைக்கு இந்த வருஷம் அவரும் கமிட்டியில் இருக்கிறார், மகுடவர்மன் நாடகம், ராஜபார்ட் சிவசண்முகம்தான் என்று முடிவு செய்திருக்கிறார்கள், வர முடியுமா என்று கேட்டார். சிவசண்முகம் பாய் வந்தால் வருவேன் என்பதைக்கூட மறந்துவிட்டு, சரி அண்ணாச்சி என்று சொல்லி வைத்தார். அப்புறம்தான் யோசனை வந்தது. அந்த மனுஷர் ஏன் என்னைக் கூப்பிட வேண்டும் என்று மனைவியிடம் கேட்டார். பாடத் தெரியும் என்றுதான் கூப்பிட்டிருப்பார், வேறு எதற்குக் கூப்பிடப் போகிறார் என்று அவள் நோட்டுத் திருத்திக்கொண்டே சொன்னாள்.

ஆனால் சிவசண்முகத்துக்குச் சமாதானம் ஆகவில்லை. சுடலைமணி முன்வரிசையில் உட்கார்ந்து கேட்கப் போகிறார். அவர் காது சாதாரணக் காது இல்லை. அன்றைக்கு ஐந்து கட்டை ஒரு மயிரிழை பிசகினாலும் பன்னிரண்டு வருஷ வாயும் பேச்சும் சந்திக்கு வந்துவிடும். கருப்பட்டியை இரட்டிப்பாக்கினார். மூன்று நாளுக்கு முன்பே பேச்சை நிறுத்திவிட்டார். வீட்டில் நிலவிய அமைதியைப் பற்றி ஞானம்பாள் வெளியே எதுவும் சொல்லவில்லை, ஆனால் அந்த மூன்று நாளும் அவள் முகம் தெளிவாக இருந்தது.

பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று போலீஸ் சொல்லிவிட்டதால் இப்போதெல்லாம் நாடகம் சாயங்காலம் ஆறு மணிக்கே தொடங்கிவிடுகிறது. இதற்காக வருத்தப்படுகிறவர்கள் உண்டு. சிவசண்முகம் அதில் சேர்த்தி இல்லை. வீட்டுக்கு வந்து சூடாகத் தோசை சாப்பிட முடிகிறது. அன்று நாலரை மணிக்கே ஊர் போய்ச் சேர்ந்தார். சுடலைமணி வெள்ளை வேட்டியில் வந்து கையைப் பிடித்து வரவேற்றார். எழுபது வயது, இன்னும் நிமிர்ந்த நடை. கலர் சோடா நீட்டினார், சிவசண்முகம் தொண்டையைத் தொட்டுக் காட்டித் தலையசைத்தார். சுடலைமணி சிரித்துக்கொண்டு, வெந்நீர் கொண்டுவரச் சொன்னார். அந்தச் சிரிப்பில் என்ன இருக்கிறது என்று சிவசண்முகம் அரைமணி நேரம் ஆராய்ந்தார்.

வேஷம் போட கோயிலுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பறை கொடுத்திருந்தார்கள். ஸ்திரீபார்ட் புதுப்பெண், பெயர் மீனு, இசைக் கல்லூரியில் படித்தவள். வந்ததும் பெரியவர்கள் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, ஒரு மூலையில் உட்கார்ந்து செல்போனில் சுருதியை வைத்துக்கொண்டு மெதுவாகப் பாடிப்பார்த்தாள். கண்ணாடி முன்னால் மீசை வரைந்துகொண்டிருந்த சிவசண்முகம், மௌன விரதத்தை மறந்து, பெண்ணோடு சேர்ந்து பாடிக் காட்டுவோமே என்று குரலைக் கொடுத்தார். மேலே போன குரல் பாதியில் நின்றுவிட்டது. மீசை காது வரை இழுத்துக்கொண்டு போயிற்று.

போனில் சுருதி ஏற்றமாக இருக்கிறது என்றார். இல்லை அண்ணாச்சி, அஞ்சுலதான் வச்சிருக்கேன் என்று அவள் பயந்துபோய்த் திரையைக் காட்டினாள். சார்ஜ் குறைந்தால் அப்படித்தான் கத்தும் என்றார் சிவசண்முகம். சார்ஜ் தொண்ணூறு இருந்தது. மிருதங்கக்காரர் இசக்கிமுருகனின் போனை வாங்கி அதிலும் வைக்கச் சொன்னார். பிறகு பபூனின் போன். மூன்றும் ஒரே இடத்தில் நின்றன. மூன்றும் சைனா போன் என்று சொல்லிவிட்டு, கடைசித் தீர்ப்புக்காக அசன் மைதீனைப் பார்த்தார்.

"பாய், அஞ்சைப் பிடியும். பிள்ளைக்குத் தெரியட்டும்."

அசன் மைதீன் பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு சும்மா இருந்தார். இசக்கிமுருகன் ஏற்கெனவே இறுக்கிய மிருதங்கத்தை மறுபடி இறுக்க ஆரம்பித்தார். பபூனுக்குத் திடீரென்று வெளியே ஏதோ வேலை வந்துவிட்டது. சிவசண்முகம் இன்னொரு தடவை சொன்ன பிறகு அசன் மைதீன் ஐந்தாவது கட்டையை அழுத்தினார். பெட்டியின் ஐந்தும் போன்களின் ஐந்தும் பாகம் பிரிந்த அண்ணன் தம்பி மாதிரி தனித்தனியாக நின்றன. பெட்டிதான் கீழே நின்றது.

அசன் மைதீன் பெட்டியின் ஓரத்தில் எப்போதும் போட்டிருக்கும் துண்டை எடுத்தார். அடியில் ஒரு சிறிய திருகு இருந்தது. அதைத் திருகினால் கட்டை வரிசை முழுவதும் பக்கவாட்டில் நகரும். விரல் அதே ஐந்தில் இருக்கும், சத்தம் மட்டும் இறங்கிவிடும். அவர் திருகை இரண்டு தடவை மேலே ஏற்றிவிட்டு மறுபடியும் அழுத்தினார். பெட்டியும் மூன்று போன்களும் ஒன்றாகச் சேர்ந்தன.

சிவசண்முகம் காது வரை போன மீசையோடு அசன் மைதீன் பக்கம் திரும்பினார்.

"எத்தனை வருசமாவே?"

"ஒம்பது."

"யாருக்கெல்லாம் தெரியும்?"

அசன் மைதீன் மனதுக்குள் ஒவ்வொரு ஆளாக நினைத்துப் பார்த்தார். "தெரியாதவங்கன்னு பாத்தா நீரு மட்டுந்தான். இசக்கி இதுக்காக வேற மிருதங்கம் வாங்கினான். வார பொம்பளையாளுக்கெல்லாம் முன்கூட்டியே போன் போட்டுச் சொல்லிருவேன். இந்தப் பிள்ளை நம்பர் கெடைக்கல. மதினிதான் மொதல்ல கண்டுபிடிச்சது."

சிவசண்முகம் போனை எடுத்து, 'கட்டை விஷயம் உனக்குத் தெரியுமா?' என்று மனைவிக்கு அனுப்பினார். அந்தப் பக்கம் அவள் எழுதுவதும் அழிப்பதுமாக வெகுநேரம் போயிற்று. கடைசியில் வந்த பதில், 'சாப்பிட்டாச்சா?'

பிறகு கோபம் வந்தது. கூடப் பிறந்தவனைப் போல நினைத்தேனே, ஊரே பார்த்துச் சிரிக்க வைத்துவிட்டீரே, கருப்பட்டி கருப்பட்டி என்று நான் கத்திக்கொண்டு திரிந்தபோது ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா என்று கத்தினார். மூன்று நாளாகக் காப்பாற்றி வைத்த தொண்டை பத்து நிமிஷத்தில் செலவாகிக்கொண்டு இருந்தது. எல்லாம் தீர்ந்த பிறகு அசன் மைதீன் பைய ஆரம்பித்தார்.

"காய்ச்சல்ல கெடந்து எந்திரிச்சு வந்தீரு. அன்னைக்கு அஞ்சு வச்சா தொண்டை போயிரும்னு ஒரு நாளைக்குன்னுதான் அரைக்கட்டை தள்ளினேன். எறங்கி வந்து, பாய், அஞ்சு எப்படிப் பேசிச்சுன்னு கேட்டீரு. உம்ம மூஞ்சியப் பாத்து என்ன சொல்ல? மறு வருசம் இன்னொரு அரை."

"நேராச் சொல்லி இறக்க வேண்டியதுதான."

"சுடலைமணி அண்ணாச்சி நேராத்தான கேட்டு எறக்கினாரு. நாந்தான அன்னைக்கும் பெட்டியில இருந்தேன். நீரு கேட்ட கேள்விக்கு அவரு சிரிச்ச சிரிப்பை நீரு பாக்கல, நான் பாத்தேன். உம்ம எவனும் அப்படிக் கேட்டுரப்பிடாதுன்னுதான்வே இந்தப் பெட்டிய வாங்கினேன்."

சிவசண்முகம் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஈரத்துணியால் மீசையைத் துடைத்துவிட்டு மறுபடியும் வரைந்தார். இந்தத் தடவை கொஞ்சம் சின்ன மீசையாகவே போட்டுக்கொண்டார். சுடலைமணிக்கு அன்றைக்கு என்ன வயது என்று கணக்குப் போட்டுப் பார்த்தார். ஐம்பத்தெட்டு. அவருக்குத் துக்கமாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. இரண்டும் சேர்ந்தால் இந்த மாதிரி மனிதர்களுக்கு வருவது வீம்புதான்.

திருகைத் தொடக்கூடாது, அசல் ஐந்திலேயே இருக்கட்டும், இன்றைக்குப் பாடிக் காட்டுகிறேன் என்றார். தொண்டை போய்விடும் என்று அசன் மைதீன் சொன்னார். என் தொண்டைதானே என்றார் சிவசண்முகம். "போனா தைக்க முடியாதுவே" என்று சொல்லிவிட்டு அசன் மைதீன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேடைக்குப் போனார். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார், திருகை மூடவில்லை.

வெயில் இன்னும் முழுதாக இறங்கவில்லை. பொதிகை மலைப்பக்கம் இருந்து காற்று வந்துகொண்டிருந்தது. வயல் வேலை முடிந்து குளித்துவிட்டு வந்த ஜனம் பாயிலும் பிளாஸ்டிக் நாற்காலியிலும் நிறைந்து உட்கார்ந்திருந்தது. ராஜா வரும் பாட்டைத் திரைக்குப் பின்னால் தொடங்கிப் பாடிக்கொண்டே வெளியே வரவேண்டும். சிவசண்முகம் தொடங்கினார். முதல் இரண்டு வரி பரவாயில்லை, முப்பத்தைந்து வருஷ அனுபவம் இழுத்துக்கொண்டு போயிற்று. கைதட்டலுக்கு நடுவே மேடையின் விளிம்புக்கு வந்து நின்றார். அடுத்த வரி மேலே ஏறவேண்டிய வரி. மூச்சை இழுத்துக்கொண்டு சபையைப் பார்த்தார்.

முன்வரிசையில் சுடலைமணி நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தார். இரண்டு கையும் நாற்காலியை இறுக்கிப் பிடித்திருந்தன. மாட்டிக்கொண்டானா என்று பார்க்கிற முகம் அது இல்லை. பஸ் வருகிற ரோட்டைக் குறுக்கே தாண்டும் பிள்ளையைப் பார்க்கிற முகம். பாட்டு எது, சுருதி எது, இந்த வயதுக்கு அந்த வரி என்ன செய்யும் என்று அந்தக் கூட்டத்தில் தெரிந்த ஒரே ஆள் அவர். அவர் பயந்தது சிவசண்முகத்துக்காக.

சிவசண்முகம் பாட்டை நிறுத்தினார்.

மைக் போய்விட்டது என்று நினைத்து மைக் செட்காரர் ஓடிவந்தார். சிவசண்முகம் அவரைக் கையமர்த்திவிட்டு ஆர்மோனியத்தின் பக்கம் திரும்பினார்.

"ஆர்மோனியக்காரரே, நமது நாட்டில் இன்று சுருதி எத்தனை?"

அசன் மைதீன் நிமிர்ந்து பார்த்தார். "ஐந்து, மகாராஜா."

"நாலுக்கு இறக்கும். சபை அறிய இறக்கும்."

அசன் மைதீன் திருகில் கை வைத்தார். இரண்டு தடவை திருகிய சத்தம் மைக்கில் நன்றாகவே கேட்டது. சிவசண்முகம் சபையைக் கும்பிட்டார். பெரியோர்களே, தாய்மார்களே, நோட்டீஸில் ஐந்து கட்டை என்று போட்டிருக்கிறது, அது அச்சகத்தார் செய்த பிழை இல்லை, ஒன்பது வருஷமாக நான் பாடுவது நாலுதான், இன்றைக்குச் சாயங்காலம்தான் எனக்கே தெரிந்தது என்றார். ஜனம் இதுவும் கதையில் வருகிறது என்று நினைத்துச் சிரித்தது. பிறகு பாடினார். ஒன்பது வருஷமாகப் பாடிய அதே இடம், அதே பாட்டு, அதே சுகம். நாலு கட்டை நன்றாகத்தான் இருக்கிறது என்று அவருக்கே பட்டது.

பாட்டு முடிந்ததும் வழக்கப்படி கமிட்டியில் இருந்து ஒருவர் துண்டு போர்த்த மேடை ஏறுவார். சுடலைமணி ஏறினார். துண்டைப் போர்த்திவிட்டு மைக்கைத் தன் பக்கம் திருப்பினார். பழைய ராஜபார்ட்டின் தோள் தானாக நிமிர்ந்தது.

"ராஜாவே, உமது குரல் தரைக்குள்ளே போகிறதே. புதையல் அகப்பட்டதா?"

மேடையில் இருந்தவர்களில் மூன்று பேருக்குத்தான் அதன் கனம் புரிந்தது. சிவசண்முகத்துக்கு ராஜா பாஷை மறந்துபோயிற்று. கிரீடத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"அன்னைக்கு நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாதுண்ணாச்சி. உங்க பொழப்பையே நிறுத்திட்டேன். மன்னிச்சிருங்க."

சுடலைமணி மைக்கைக் கையால் மூடிக்கொண்டார். "இந்தக் கேள்விக்குப் பதிலு பன்னெண்டு வருசமா யோசிச்சி வச்சிருந்தேன்வே. கடையில உரமூட்டைய எண்ணும்போதுகூட யோசிப்பேன். எத்தனையோ நல்ல நல்ல பதிலு. இப்ப ஒண்ணும் ஞாபகம் வரல." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எனக்குன்னு இப்படி ஒரு பெட்டிக்காரன் வாய்ச்சிருந்தா நானும் பாடிக்கிட்டுத்தான் இருந்திருப்பேன்."

இறங்கப் போனவரின் கையைச் சிவசண்முகம் பிடித்துக்கொண்டார். மகுடவர்மன் கதையில் ராஜா காட்டுக்குப் போகுமுன் பெரிய ராஜாவிடம் ஆசீர்வாதம் வாங்குகிற பாட்டு ஒன்று உண்டு, இரண்டு பேர் பாட வேண்டியது. அதைப் பாட ஆள் இல்லை என்று வெகுநாளாக விட்டுவிட்டார்கள். நீங்கள்தான் பாட வேண்டும் என்றார். சுடலைமணி தலையை ஆட்டி மறுத்தார். தொண்டை துருப்பிடித்துப் போயிற்று, எனக்கு இப்போது மூன்று கட்டைதான் வரும், உமக்கு அது பாதாளம் என்றார்.

சிவசண்முகம் திரும்பினார். பெரிய சபை, ஐந்து கட்டைக்காரர், நாலையே இன்றைக்குத்தான் ஒப்புக்கொண்டவர்.

"பாய், பெட்டியில இன்னும் எடம் இருக்கா?"

"இருக்கு."

"அப்பம் மூணுக்குத் தள்ளும்."

அசன் மைதீன் இன்னொரு தடவை திருகினார், நாலுக்கும் மூன்றுக்கும் நடுவே கருப்புக் கட்டை இல்லாததால் ஒரு திருகே போதும். மூன்றுக்கு மிருதங்கம் கொண்டுவராத இசக்கிமுருகன் வாய்க்குள் எதையோ முனகிக்கொண்டு வாரைத் தளர்த்த ஆரம்பித்தார். சுடலைமணி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார், வேட்டியைச் சரிசெய்தார், தொண்டையைக் கனைத்தார். சிவசண்முகம் கையில் இருந்த கிரீடத்தை அவர் தலையில் வைத்தார். அது கொஞ்சம் பெரிதாக இருந்ததால் சுடலைமணி அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டே பாடினார்.